கல்லுமேட்டில் அக்காவின் முறை

அக்காவைக் கையோடு மலேயாவிலுள்ள கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் தருமபுரிக்குப் போனேன். ஊர் பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்கு லீவு கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்த லீவில் இந்த ஒரு காரியத்தை முடித்தால் போதும் என்றிருந்தேன்.

விஷயம் இதுதான். அப்பா மலேயாவுக்குக் கப்பலேறியபோது அக்கா ஞானம்மா கைக்குழந்தை. நான் ரப்பர்த் தோட்டத்திலேயே பிறந்தவன். அந்த ஒரு வித்தியாசத்தால் எனக்குக் குடியுரிமை உள்ள நீலக் கார்டு, அவளுக்கு அது இல்லாத சிவப்புக் கார்டு. ரொம்ப காலம் அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை. பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தது பாருங்கள் ஒரு சட்டம், அக்காவுக்கு பெர்மிட் கிடைக்கவில்லை. பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் பாதி ஆயுசைக் கழித்தவள், ஒரே மாதத்தில் வேலையில்லாதவள் ஆகிவிட்டாள். அத்தான் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பிள்ளை கிடையாது. என் வீட்டில் இரு என்று தலைகீழாக நின்று பார்த்தேன். கேட்கவில்லை. அத்தானின் ஊர் காரிமங்கலம் பக்கம் என்று சொல்லிக் கப்பலேறிவிட்டாள்.

அவள் வந்து பார்த்தால் அத்தானின் காடு கைமாறிப் போயிருந்தது. சொந்தக்காரர்களே மழையில்லாமல் பிழைப்புத் தேடித் தருமபுரி டவுனுக்குப் போயிருந்தார்கள். இவளும் பின்னாலேயே போய்க் கட்டட வேலையில் சித்தாளாகச் சேர்ந்துவிட்டாள். இந்த வயதில் என் அக்கா கலவைச் சட்டி சுமக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏறாத ஆபீசெல்லாம் ஏறி இறங்கி, அவள் என் பொறுப்பில் திரும்பி வந்து தங்க அனுமதிக் கடிதம் வாங்கினேன். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் தருமபுரியில் இறங்கினேன்.

அவள் இருந்த இடத்துக்குக் கல்லுமேடு என்று பேர். டவுனைத் தாண்டி, பாறையும் பாறையைச் சுற்றி வீடுமாகக் கிடந்தது. கிள்ளானில் எங்கள் வீடுகள் பலகையும் தகரமும். மழை பெய்தால் வீட்டுக்குள் யார் பேசுவதும் கேட்காது. இங்கே எல்லாம் கல். சுவர் கல், வேலி கல், துணி துவைப்பது கல், மாடு கட்டுவதும் கல். டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வாசலுக்கு வாசல் எருமையும் வைக்கோல் போரும் இருந்தன. நான் தோட்டத்தில் இருப்பதுபோல வரிசை வீடுகளாகக் கூலிக்காரர் லயம் ஒன்றை எதிர்பார்த்துப் போனேன். ஒரு கிராமத்தைச் சுருட்டி எடுத்து வந்து டவுன் ஓரத்தில் விரித்துப் போட்டிருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்ததும் அழவில்லை. “மெலிஞ்சி போயிட்டடா” என்றாள். நான் மெலியவில்லை, சட்டைப் பித்தானே வயிற்றில் நிற்காமல் தவிக்கிறது. ஆனால் அவள்தான் உண்மையில் மெலிந்திருந்தாள். கறுத்தும் போயிருந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தேன், சுண்ணாம்பு தின்ற விரல்கள். எனக்குத்தான் அழுகை வந்தது. லூர்தம்மா என்ற சித்தாளின் வீட்டுக்குப் பக்கவாட்டில் இறக்கிய ஒரு சாய்ப்பில் குடியிருந்தாள். நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

அனுமதி வாங்கி வந்திருக்கிறேன், கிளம்பு என்றேன். அவள் அடுப்பில் கண்ணாக இருந்தாள். பிறகு நிதானமாக, “வர்ற ஞாயித்துக்கெழம எம் முறை. வூடு போடறாங்க எனக்கு. அது முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்” என்றாள். வீடு போட்டுவிட்டு எப்படி வருவாய் என்று கேட்டதற்கு விறகை உள்ளே தள்ளினாள். அவள் “வூடு” என்று சொன்னதே எனக்குத் திக்கென்றது. மலேயாவில் ஒருநாளும் அப்படிச் சொன்னவளல்ல.

அன்று மத்தியானம் களி. கேழ்வரகுக் களி உருண்டையும் நிலக்கடலைச் சட்னியும் கீரைக் கடைசலும். நான் ஒரு வாய் எடுத்து மென்றேன். மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். அது பல்லில் ஒட்டியதே தவிர உள்ளே போகவில்லை. லூர்தம்மா வாசலில் நின்று என் தாடை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், களியை மெல்லக் கூடாது, தொட்டு முழுங்க வேண்டும், இதுகூடச் சொல்லித்தராமல் எப்படி மலேயாவில் ஆளாக்கினார்கள் என்று அக்காவிடம் கேட்டாள். முழுங்கிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. சாயங்காலம் வரை பசிக்கவில்லை. கிள்ளானில் தேங்காய்ப்பால் சோறு, நாசிலெமாக், சாப்பிட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

மறுநாள் டீக்கடையில் இருதயம் மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்டேன். கல்லுமேட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும், பேச்சு ஆறாது. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனதும், ஆபீஸ், கோர்ட்டு, குவார்ட்டர்ஸ் என்று எங்கு பார்த்தாலும் கட்டடம் எழும்பியதாம். அதற்குக் கொத்தனாரும் சித்தாளும் வேண்டியிருந்தது. காரிமங்கலம், இண்டூர் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள், வானம் பார்த்த காட்டை நம்பி உட்கார முடியாதவர்கள், மூட்டை கட்டி வந்தார்கள். கல் உடைக்கத் தெலுங்கு பேசும் குடும்பங்கள் வந்தன. யாருக்கும் வேண்டாத இந்தப் பாறைக்காட்டில் குடிசை போட்டார்கள். ஆபீஸ் முடிந்ததும் போய்விடுவோம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்கிவிட்டது.

இப்படி வாரம் முழுக்க அடுத்தவனுக்குக் கட்டிக்கொண்டே இருந்ததில் தங்கள் குடிசை ஒழுகுவதைக் கவனிக்க நாதியில்லை. அப்போது உண்டாக்கினதுதான் முறை ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் காலனி மொத்தமும் ஒரே ஒரு வீட்டுக்கு வேலை செய்யும். கூலி கிடையாது. முறை வந்தவர் அன்றைக்கு எல்லாருக்கும் கறியும் களியும் போட வேண்டும், அவ்வளவுதான். டவுனிலிருந்து சைக்கிளில் வரும் சாமியார் கடக்காலின் நாலு மூலைக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். கடக்கால் என்றால் அஸ்திவாரம். மந்திரித்த கடக்காலுக்குள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதும் முறையில் சேர்த்தி. இதையெல்லாம் சொல்லிவிட்டு மேஸ்திரி, “உங்க அக்கா ஒரு ஞாயிறுகூடத் தப்புனதில்லிங்க. மழையில கூட மண்ணு சொமந்தாங்க” என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

விருந்துக்கு ஆடு வாங்கக் காரிமங்கலம் சந்தைக்குப் போனேன். மலேயாக்காரன் என்று தெரிந்ததும் ஆட்டுக்காரர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நல்லவேளை லூர்தம்மாவின் புருஷன் கூட வந்திருந்தான். ஒரு கிடாவைப் பிடித்துத் தந்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று அவன் முன்னால் போய்விட்டான். கிடாவும் நானும் பஸ்ஸில் ஏறினோம். அது என் மடியில் தலை வைத்துக்கொண்டு, முன் சீட்டு அம்மாளின் கூடையிலிருந்த கீரையை மென்றது. அந்த அம்மாள் கன்னடத்தில் கண்டக்டரிடம் முறையிட ஆரம்பித்தாள். கண்டக்டரும் கன்னடத்திலேயே ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. என்ன சொன்னார் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். “ஆடு பேசாமத்தான் வருது, நீதாம்மா பேசிட்டே வர்ற” என்றாராம்.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். நகரவில்லை. கடைசியில் கல் ஏற்றி வந்த லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. கல் மேல் நான், என் மேல் கிடா. வழியெல்லாம் புளியமரக் கிளைகளுக்குக் குனிந்து குனிந்து எனக்கு இடுப்பே போய்விட்டது. கல்லுமேட்டில் லாரி நின்றபோது, ஆட்டைவிட என்னைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பப்பா, அப்படி ஒரு வேலையை நான் துறைமுகத்தில்கூடப் பார்த்ததில்லை. லூர்தம்மா வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் மேஸ்திரி நூல் பிடித்துக் கோடு போட்டார். கடப்பாரை விழ ஆரம்பித்தது. ஒரு பக்கம் கல் வருகிறது, ஒரு பக்கம் மண் குழைகிறது, பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி விடுகிறார்கள். நானும் அந்த வரிசையில் நின்றேன். என்னிடம் வந்த சட்டி எல்லாம் அரைக்கணம் நின்று யோசித்துவிட்டுத்தான் போயிற்று. லூர்தம்மா என்னை வரிசையிலிருந்து எடுத்துத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அஸ்திவாரம் நிரம்பி, கல் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. சாமியார் வந்து மந்திரித்தார். வெறும் கல் வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு அது கோழிக்கூடு மாதிரிதான் பட்டது. இதற்குள்ளா என் அக்கா குடியிருக்கப் போகிறாள் என்று மனசுக்குள் எரிந்துகொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் உள்ளே உட்கார்ந்தார்கள். லூர்தம்மா கறிச் சட்டியோடு பந்திக்கு வந்தவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். கரண்டியால் இந்த மூலையையும் அந்த மூலையையும் காட்டினாள்.

“ஏன் மேஸ்திரி, எப்பவும் மூணு பந்தி நடக்குமே. இன்னைக்கி எப்டிங்க எல்லாரும் ஒரே பந்தியில குந்திட்டீங்க?”

மேஸ்திரி எழுந்தார். களிக் கையோடு சுவரோரமாக நடந்து பார்த்தார். பிறகு நூலை எடுத்துப் பார்த்தார். அந்த நூலில் இரண்டு முடிச்சு உண்டு. ஒன்று கல்லுமேட்டு வீட்டு அளவு. மற்றது, வாரம் முழுக்க அவர்கள் கட்டிக்கொண்டிருந்த சர்க்கார் ஆபீஸ் அறையின் அளவு. கைப்பழக்கத்தில் ஆபீஸ் முடிச்சைப் பிடித்துவிட்டிருக்கிறார். கூட வேலை செய்த அத்தனை பேரும் அதே ஆபீசில் வாரமெல்லாம் நின்றவர்கள். அதனால் ஒருவர் கண்ணுக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. என் அக்காவுக்கு ஒரு தாலுகா ஆபீசுக்கே அஸ்திவாரம் போட்டு வைத்திருந்தார்கள்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. சிரிக்க ஆரம்பித்ததும் அடங்கவில்லை. எனக்குப் புரையேறிவிட்டது. அக்காவிடம் இனிமேல் மனு கொடுக்கத்தான் வர வேண்டும் என்று ஒருவன் சொன்னான். லூர்தம்மாவின் அவரைப் பந்தல் போட்ட இடத்தில் பாதி சுவருக்குள் வந்துவிட்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவளும் சிரித்துக்கொண்டே திட்டினாள்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. மனுஷனுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. இந்த அகலத்துக்குக் கூரை மரம் எங்கே கிடைக்கும்? பெயர்த்து எடுக்கலாம் என்றால், மந்திரித்த கடக்காலைத் தோண்டுவதில்லை. அது இந்தக் காலனியில் யாரும் செய்யாத காரியம். நடுவில் சுவர் வைத்து இன்னொரு குடும்பத்தைக் குடிவைக்கலாம் என்றார் ஒருவர். ஒரே வாசலில் இரண்டு அடுப்பா என்று பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முடிவில்லாமலேயே கூட்டம் கலைந்தது.

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வீட்டு வேலை நின்றுபோயிற்று, இனி அக்கா வருவதற்குத் தடையில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவளிடம், ஆண்டவரே வழி காட்டிவிட்டார், புறப்படு என்றேன். அவள் அந்த முழங்கால் சுவரையே பார்த்துக்கொண்டு, போகாத ஒரு கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் வேப்பங்குச்சியோடு வெளியே வந்தேன். பெண்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடுதான் போவார்கள். வேலை நடக்கிற இடத்தில் மரத்தில் தூளி கட்டி விடுவது, தவழ்கிறதைக் கயிற்றால் மரத்தில் கட்டிப் போடுவது. சுண்ணாம்பு மூட்டைக்குப் பக்கத்தில்தான் இத்தனையும். லூர்தம்மாவின் சின்ன மகள் கண்ணில் சுண்ணாம்பு விழுந்து, பார்வை தப்பியதே பெரிது என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லூர்தம்மா வந்தபோது, அக்கா எதிரே போய்க் கையை நீட்டினாள்.

“இவள இங்க வுட்டுட்டுப் போ. மத்தவங்களையும் வுட்டுட்டுப் போவச் சொல்லு. நான் இன்னைக்கி வேலைக்கு வரல” என்றாள்.

நான் வாய் கொப்பளித்து வருவதற்குள், அந்தத் தாலுகா ஆபீஸ் அஸ்திவாரத்துக்குள் பிள்ளைகள் நிறைந்துவிட்டன. தவழ்கிற பிள்ளை தாண்ட முடியாத உயரத்தில் சுவர். பக்கத்துப் புளியமரத்து நிழல் பாதி இடத்துக்கு விழுந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூக்குச் சிந்தினாள், கால் கழுவினாள், அடித்துக்கொண்ட இரண்டைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தாள், கடலையை மாவாக இடித்து ஊட்டினாள். ஆயாக் கொட்டகையில் எத்தனையோ வருஷம் பார்த்த அதே அக்கா. நான் போய் நாலைந்து நாளாகியும் பார்க்காத அந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவருக்கு வெளியே உட்கார்ந்து நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்மேல் உட்கார்ந்து கால் மரத்ததுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வந்த பெண்கள் பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் குளித்து, தலை வாரி, தின்று, தூங்கி எழுந்திருந்தன. அவர்களுக்குள் என்ன பேசினார்களோ, இருட்டுவதற்குள் அக்காவுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தானியம் போடுவது என்று முடிவாகிவிட்டது. கல் உடைக்கும் தெலுங்குக்காரர்களின் பெண்கள் தங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுவிட்டு, கூரையைத் தாங்க நடுவில் நிறுத்த இரண்டு கல்தூண் தங்கள் செலவு என்று அவர்களே சொன்னார்கள். மேஸ்திரியின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. வேண்டுமென்றேதான் அந்த முடிச்சைப் பிடித்தேன் என்று செவ்வாய்க்கிழமை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்த வாரம் யாரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. பொழுது சாய வேலை விட்டு வந்து, கை கால் கழுவாமலேயே சுவருக்கு வந்தார்கள். சுவர் எழும்பியது, தூண் நின்றது. வத்தல்மலையிலிருந்து சாமை விற்க வருகிறவர் ஒருவர் கூரைக்கு மலைப்புல் கட்டுக் கட்டாக இறக்கிவிட்டுப் போனார். அதற்கு அவர் கேட்டது அக்கா கையால் ஒரு டம்ளர் காப்பிதான். மலேயாவில் சீனன் கடையில் குடிக்கிற மாதிரி அவள் போடும் கடுங்காப்பிக்குக் கல்லுமேட்டில் அப்படி ஒரு பேர். எனக்கு இதில் உதவி என்று சொல்ல ஒன்றுமில்லை. அழுகிற பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினேன். என் தொந்தியில் ஏறிக் குதிப்பது அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் அனுமதியை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். இனி கெஞ்சுவதற்கு எனக்கும் வாயில்லை. என்றாலும் கேட்காமல் போனால் மனசு ஆறாது. உனக்கு அங்கே என்ன குறை வைக்கப் போகிறேன், நானிருக்கிறேன், என் பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த வெயிலில் ஏன் கிடந்து சாக வேண்டும் என்று கேட்டேன். அவள் அதை மடித்து என் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

“உன்மேல ஒரு கோவமும் இல்லடா. ஆயுசு பூரா புள்ளைங்கள வளர்த்துக் குடுத்தேன், போன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க. இங்க எவளும் இன்னும் என்னைப் போன்னு சொல்லல. புள்ளையக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டுப் போறாளுங்க. நான் எப்டிடா வரட்டும்?”

அவள் சிரித்துக்கொண்டே என் தலையில் கை வைத்துக் குலுக்கினாள். அடுத்த தடவை பெண்டாட்டி பிள்ளைகளோடு வா, எல்லாரும் படுக்கலாம் என்றாள்.

மறுநாள் மத்தியானம் எனக்குப் பஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கூரை பாதிதான் முடிந்திருந்தது. மூடிய பாதியில் பிள்ளைகள் எல்லாம் கோணலும் மாணலுமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. கதவு இன்னும் மாட்டாத வாசலில், தோளில் ஒன்றைப் போட்டுத் தட்டிக்கொண்டே அக்கா நின்றிருந்தாள். கடல் தாண்டி வந்தவன், மறுபடி எப்போது பார்ப்பேனோ என்று “அக்கா” என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். அவள் சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள்.

“கத்தாதடா, இப்பத்தான் கண்ண மூடுச்சிங்க. பையப் போ” என்றாள், காற்றுக் குரலில்.

பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பெட்டி கல்லில் இடிக்காமல் தூக்கிப் பிடித்தபடி, நுனிக்காலில் நடந்து கல்லுமேட்டை விட்டு வந்தேன். ரோட்டுக்கு வந்த பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.